ரசீதும் பிரசங்கமும்

என் தாத்தா உபதேசியார். அய்யர் மாசத்துக்கு ஒருதரம் வருவார். மற்ற ஞாயிறெல்லாம் சேரிக் கோயிலில் தாத்தாதான் பிரசங்கம். அவர் செத்தபின் சபை அலுவலகத்துக்குக் கொண்டுபோன அவருடைய நோட்டுகளை, 'இதெல்லாம் குறிப்புதானே, பிரசங்கமா?' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இந்த எரிச்சலோடுதான் ஜோனத்தன் எட்வர்ட்ஸின் பிரசங்கப் பதிப்பை வாசித்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

எட்வர்ட்ஸ் பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்கப் போதகர். 1741இல் என்ஃபீல்டில் நரக நெருப்பைக் காட்டி சனங்களை அலற வைத்தவர். அவர் எழுத்துகளைப் பதிப்பிக்க யேல் பல்கலைக்கழகம் 1953இல் வேலையைத் தொடங்கியது. அச்சில் 26 தொகுதிகளை முடித்தது 2008இல். பிரசங்கக் கையெழுத்துப் பிரதிகள் மட்டும் சுமார் 1,200. உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னச் சின்னத் தையல் நோட்டுகள். காகிதம் விலை அதிகம் என்பதால் பழைய கடிதம், கணக்குச் சீட்டு, வீட்டுப் பெண்கள் விசிறி செய்து மிஞ்சிய துண்டு எல்லாவற்றிலும் எழுதியிருக்கிறார். 1733க்கு முன் அவர் தேதி போடவில்லை. தாமஸ் ஷேஃபர் என்ற அறிஞர் மை நிறம், காகிதத்தின் நீர்க்குறி, கையெழுத்து மாற்றம் இவற்றை வைத்து ஆண்டுக்கணக்காக உட்கார்ந்து காலவரிசை கண்டுபிடித்தார். இந்த உழைப்பைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது. நம்ம ஆளுக ஒருத்தருக்காவது இப்படி யாராவது உட்கார்ந்தார்களா?

அந்தக் காகிதக் குவியலில் ஒரு ரசீதும் இருக்கிறது. 1731இல் நியூபோர்ட்டில், வீனஸ் என்ற, ஏறத்தாழ 14 வயதுக் கறுப்புச் சிறுமியை எட்வர்ட்ஸ் 80 பவுனுக்கு வாங்கியதற்கான ரசீது. இன்னொரு கடித வரைவும் உண்டு. அடிமை வைத்திருந்த சக போதகர் ஒருவரை அவர் சபையாரே கேள்வி கேட்டபோது, போதகருக்குப் பரிந்து எட்வர்ட்ஸ் கிறுக்கியது. ஆப்பிரிக்காவிலிருந்து புதிதாகப் பிடித்துவருவது தப்பாம். இருக்கிறவர்களை வைத்துக்கொள்வது தப்பில்லையாம். கென்னத் மிங்கெமா அதைப் பதிப்பித்து விவாதித்தது 1997இல். 1758இல் எட்வர்ட்ஸ் இறந்ததும் எடுத்த சொத்துப் பட்டியலில் டைட்டஸ் என்ற கறுப்புப் பையன் கால்நடைகளோடு வருகிறான். எட்வர்ட்ஸ் அடிமை வைத்திருந்தது ரகசியமே இல்லை. நீர்க்குறிக்குக் கிடைத்த கவனம் வீனஸுக்குக் கிடைக்க இத்தனை காலம் ஆனது என்பதுதான் என் குற்றச்சாட்டு. அதேநேரம், துண்டுச் சீட்டையும் எறியாமல் காத்த அதே காப்பகம்தான் அவரைக் காட்டிக்கொடுக்கிறது. இதையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையில்லாதவன்.

இன்னொரு விஷயம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. 1751லிருந்து எட்வர்ட்ஸ் ஸ்டாக்பிரிட்ஜில் மொகிகன், மொஹாக் பூர்வகுடிகளுக்குப் பிரசங்கித்தார். அவர்களுக்கென்று எழுதியவை மட்டும் ஏறத்தாழ 200. நோட்டின் மேலேயே 'இந்தியர்' என்று சுருக்கக்குறி போட்டு வைத்திருக்கிறார். அச்சுத் தொகுதிகளில் இடம் கிடைத்தவை கொஞ்சம்தான். எளிமையானவை, வெறும் குறிப்புகள் என்று அறிஞர்கள் வெகுகாலம் அவற்றைத் தாண்டிப் போனார்கள். ஆனால் 1740களிலிருந்து வெள்ளைக்காரச் சபைக்கும் அவர் பெரும்பாலும் குறிப்புகளைத்தான் எழுதினார்! வெள்ளைக்காரனுக்குச் சொன்னால் இறையியல், பூர்வகுடிக்குச் சொன்னால் எளிமையா? ரேச்சல் வீலர் போன்றவர்கள் பிற்பாடு அந்த நோட்டுகளை எடுத்து வாசித்தபோதுதான் அதில் வேறொரு எட்வர்ட்ஸ் தெரிந்தார். நரகத்தைவிட ஆறுதலை அதிகம் பேசுகிறவர், வெள்ளையர்கள் பூர்வகுடிகளை ஏமாற்றியதை அவர்கள் முகத்துக்கு நேரே ஒத்துக்கொள்கிறவர். அட்டவணையில் கீழே கிடந்ததால் அவரையே பாதிதான் தெரிந்து வைத்திருந்தார்கள்.

எட்வர்ட்ஸுக்கு மொகிகன் மொழி வராது. சனங்களுக்கு அதைத் தங்கள் பாஷையில் சொன்னவர் ஜான் வாவாம்பெகுனாந்த் என்ற பூர்வகுடி மொழிபெயர்ப்பாளர். அப்படியானால் அந்த 200 பிரசங்கத்தை யார் செய்தது? ஆசிரியர் என்ற இடத்தில் ஒரு பெயர்தான் நிற்கிறது. மொழிபெயர்த்தவர், கேட்டவர், காகிதத்தின் பின்பக்கம் என்ன என்று மூன்று கட்டங்கள் கூடப் போட்டிருந்தால் அட்டவணை உடைந்தா போயிருக்கும்?

தாத்தாவின் நோட்டுகளில் இரண்டு மட்டும் கரையானுக்குத் தப்பி என்னிடம் இருக்கின்றன. போன மாதம் ஒவ்வொரு பக்கமாக எண் போட ஆரம்பித்தேன். முதல் நோட்டில் வசனம், நாலு வரிக் குறிப்பு, தேதி. பின்பக்கத்தில் பென்சிலில் பண்ணையாரிடம் வாங்கிய நெல்லுக்கடன் கணக்கு. அதையும் பிரசங்கத்தோடு சேர்த்தே எழுதி வைத்திருக்கிறேன்.