வீட்டுக்கு வரும் கவாத்து

நம் வட்டாரச் சீருடை இயக்கங்களின் வழிகளையும் தரத்தையும் பற்றி எழுதித் தருமாறு நம் சங்க மலர்க் குழுவினர் கேட்டிருக்கிறார்கள். பேராக்கில் உள்ள நம் புந்தோங்கில் எந்த வழி எந்தப் பள்ளித் திடலில் தொடங்கியது, யார் யாரிடம் கற்றார், எந்தப் பிரிவு ஏன் தனியே போனது என்பதெல்லாம் உறுப்பினர்கள் அறிந்ததே. அந்த வழிகளை உண்டாக்கிய பெரியவர்கள் சிலர் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் முன்னிலையில் வரலாறு ஒப்பிப்பது முறையாகாது. ஆகவே, தரத்தை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இதுவரை கவாத்துப் போட்டிக் கோப்பையைக் கொண்டு அளந்து வந்தோம். கோப்பை ஒரு காலைப்பொழுதின் கணக்கைத்தான் சொல்லும். முகாம் முடிந்து திரும்பும் பிள்ளையிடம், வீட்டார் வாய்விட்டுச் சிரிக்கும்படி சில பழக்கங்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றனவே, அவற்றைக் கொண்டு அளக்க வேண்டும் என்பது என் வாதம். வீட்டார் சிரிப்பதற்கு ஒன்றுமே கொண்டுவராத பிள்ளை, முகாமுக்குப் போய் வந்ததாக ஆகாது.

ஒவ்வொரு வழியும் தனக்கென ஒரு முத்திரையை வீட்டில் பதிக்கிறது. சாரணர் வழிப் பிள்ளை இடது கையை நீட்டிக் கைகுலுக்கும். பேடன் பவல் காலத்திலிருந்து உலகெங்கும் சாரணர் கைகுலுக்கல் அப்படித்தான். ஆனால் இடது கையால் திருநீறுகூட வாங்கக் கூடாது என்று வளர்ந்த நம் பாட்டிமார்களுக்கு அது பெரிய அபசாரம். அதே பிள்ளை துணிக்கொடி, வாசல் கேட், அரிசி மூட்டை எல்லாவற்றையும் விதவிதமான முடிச்சுகளால் கட்டிவிடும். அவிழ்க்கத் தெரிந்தவர் வீட்டில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். செயின்ட் ஜான் முதலுதவிப் படையிலிருந்தும் செம்பிறைச் சங்கத்திலிருந்தும் வரும் பிள்ளைகள் முக்கோணத் துணியைக் கண்டால் தம்பியின் கையைக் கட்டித் தோளில் தொங்கவிடுவார்கள். தூங்கிக்கொண்டிருக்கும் தாத்தாவின் நாடியை எண்ணுவார்கள். போலீஸ் கடெட், வீட்டுக்கு வந்த விருந்தினரின் கார் எண்ணை மனத்தில் குறித்துக்கொள்ளும். தீயணைப்பு கடெட், சமையற்கட்டில் கேஸ் தோம்பு எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சோற்றில் கை வைக்கும். இவற்றில் எதையும் நான் குறையாகச் சொல்லவில்லை. எந்த வழியில் பயின்ற பிள்ளை என்பதைச் சீருடை இல்லாமலே கண்டுகொள்ள முடிகிறதென்றால், அந்த வழி உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

நான் சார்ந்த இராணுவ கடெட் வழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும். பேராக் மாநிலத்துக்கும் கவாத்துக்கும் உள்ள உறவு பழையது. தைப்பிங்கைத் தலைமையிடமாகக் கொண்ட பேராக் சீக்கியர் படைதான் 1896இல் மலாய் மாநிலங்களின் காவற்படையாகி 1919 வரை நின்றது. லுமுட்டில் கடற்படைத் தளம் இருக்கிறது. உலு கிந்தாவில் பொது நடவடிக்கைப் படையின் வடக்குப் பிரிகேட் இருக்கிறது. சீருடை அணிந்து ஓய்வுபெற்றவர்கள் வாழும் ஊர்கள் இவை. எங்கள் ஆசானும் அந்த மரபில் வந்தவரே. பெயர் போட வேண்டாம் என்பது அவருடைய விருப்பம். யாரென்று உறுப்பினர்களுக்குத் தெரியும். கை எத்தனை உயரம் வீச வேண்டும் என்பதை எல்லா ஆசிரியர்களும் கற்றுக்கொடுத்தார்கள். எங்கள் ஆசான் கற்றுக்கொடுத்தது படுக்கையையும் சப்பாத்தையும். விரிப்பின் மூலைகளை மடித்துச் செருகும் கோணம், போர்வையில் சுருக்கம் இல்லாமை, துவாலை தொங்கும் நீளம், இவற்றில் பிழை கண்டால் படுக்கை முழுவதும் தரைக்கு வரும். கிவி மெழுகைத் துணியில் தொட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்த்து, சிறுசிறு வட்டமாகத் தேய்த்துத் தேய்த்துச் சப்பாத்தின் முனையில் முகம் தெரிய வைக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் வேண்டும். இடுப்பு வாரின் பித்தளைக்குப் பிராசோ, சட்டைக்குக் கஞ்சி. எங்கள் வழிப் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் தன் படுக்கையோடு நிற்காது. அப்பாவின் படுக்கையையும் பிரித்து மறுபடி விரிக்கும். வேலைக்குப் புறப்படும் அக்காளின் செருப்புக்கும் பாலிஷ் போடும். அம்மா கூப்பிட்டால் "துவான்!" என்று கத்தி எழுந்து நிற்கும். சோற்றைப் பத்து நிமிடத்தில் முடித்துத் தட்டைத் தானே கழுவி வைக்கும். சொன்ன பேச்சைக் கேட்காத தங்கைக்குத் தோப்புக்கரணம் விதிக்கும். கடைக்குப் போகச் சொன்னால் அண்ணனும் தம்பியுமாகக் கால் சேர்த்து நடந்து போவார்கள். சிரிப்புக்குரியதுதான். ஆனால் தட்டைக் கழுவியது யார் என்று பாருங்கள். அதுவரை சாப்பிட்ட இடத்திலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்த ஆண்பிள்ளை அது.

இந்தச் சிரிப்புக்குப் பின்னால் கனமான ஒன்று இருக்கிறது என்பதற்கு நம் சமூகத்தின் வரலாறே சான்று. 1943இல் நேதாஜி சிங்கப்பூர் வந்த பின் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். ஜானகி ஆதி நாகப்பன், இராசம்மா பூபாலன் போன்ற இளம்பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினார்கள். சிறுவர்களுக்குப் பாலர் சேனை இருந்தது. போர் முடிந்து படை கலைந்தது. பயின்றவர்கள் லயத்து வீடுகளுக்குத் திரும்பினார்கள். நிமிர்ந்து நடப்பதும், துரையைக் கண்டு சைக்கிளை விட்டு இறங்காமல் போவதும், சந்தித்தால் "ஜெய் ஹிந்த்" சொல்வதும் அவர்களோடு வந்தன. அடுத்து நடந்ததைக் கவனிக்க வேண்டும். 1946, 47ஆம் ஆண்டுகளில் கெடாவில், பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு, ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. அணிவகுத்து நடந்த அந்தத் தோட்டத்து இளைஞர்கள் கள்ளுக்கடைகளின் முன்னே மறியல் செய்தார்கள். போர்க்களத்துக்காகக் கற்ற கவாத்து, குடியிலிருந்து குடும்பங்களை மீட்கும் வேலைக்குப் பயன்பட்டது. முகாமில் கற்றது முகாம் வாசலிலேயே உதிர்ந்திருந்தால் தொண்டர் படை ஏது?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை நம் சங்கத்திலேயே மதிப்புக்குரிய பெரியவர்கள் சிலர் சொல்லி வருகிறார்கள். தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்களத்தில் வரிசை பிடித்து நின்ற இனம் நாம்; பேர் கூப்பிட்டால் கையைக் கட்டிப் பதில் சொன்ன தலைமுறைகள் போதும்; பிள்ளைகளையும் ஏன் மறுபடி வரிசையில் நிறுத்துகிறீர்கள் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான வலியிலிருந்து வரும் கேள்வி. என் பதில் இது: பெரட்டில் நின்றவன் எண்ணப்படுவதற்காக நின்றான். அவன் என்றைக்கும் மறுபக்கம் போய்க் கட்டளை கொடுக்கப் போவதில்லை. நல்ல கடெட் வழியில் ஒவ்வொரு பிள்ளையும் முறை வைத்து வெளியே வந்து, மற்றவர்களைப் பார்த்து "செடியா", "செனாங் டிரி" என்று குரல் கொடுக்க வேண்டும். வகுப்பில் வாய் திறக்காத பெண்பிள்ளை முப்பது பேரை நிறுத்தித் திருப்பி நடத்திக் காட்டுகிறாள். வீட்டுக்கு வந்து அந்தப் பிள்ளை உரக்கப் பேசுவதைக் கேட்டு நாம் சிரிக்கிறோமே, அந்தக் குரல் பெரட்டுக்களத்தில் நம் முன்னோருக்கு மறுக்கப்பட்ட குரல்.

இன்னொரு மறுப்பு, இந்தப் பழக்கங்கள் இரண்டு வாரம் தாங்காது என்பது. தேசிய சேவைப் பயிற்சியை இதற்கு உதாரணம் காட்டுவார்கள். 2004இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் கணினி தேர்ந்தெடுத்த பதினெட்டு வயதினர் மூன்று மாதம் முகாமில் இருந்தார்கள். நீலப் புள்ளிச் சீருடையோடு திரும்பியவர்கள் ஒரு நாளைக்கு ஆறு வேளைச் சாப்பாட்டுக்குப் பழகி, இரவு பத்து மணிக்கு அம்மாவிடம் "சப்பர்" கேட்டதும், மூன்று இனத்து நண்பர்களின் பேச்சும் பாட்டுமாக வீட்டை நிறைத்ததும் பல குடும்பங்கள் அறிந்தவை. அந்த முகாம்களில் உயிரிழப்புகளும் நேர்ந்தன. பெற்றோரின் அச்சத்தை நான் சிறிதாக்கவில்லை. 2018இல் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. 2025இல் 45 நாள் பயிற்சியாகத் திரும்பியிருக்கிறது. பழக்கம் தேய்கிறது என்பது உண்மைதான். ஆனால் எல்லாம் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. கத்திப் பேசுவது முதலில் போகும், பிறகு போர்வை மூலை போகும். நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் வந்து நிற்பதும், தன் பொருளைத் தானே பராமரிப்பதும் கடைசியில்தான் போகும். சிலரிடம் போவதே இல்லை. அப்படிக் கடைசிவரை நிற்பது எது என்று பார்ப்பதுதான் தரம் பார்ப்பது.

இப்போது மனம் வருந்திச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். யாரையும் சுட்டிச் சொல்லவில்லை. இன்று பயிற்சி தருபவர்களில் அர்ப்பணிப்புள்ளவர்கள் நிறையப் பேர். பள்ளி வேலைச் சுமைக்கு நடுவே அவர்கள் செய்வதே பெரிது. ஆனாலும், பல்கலைக்கழக நுழைவு மதிப்பெண்ணில் பத்து விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு என்று ஆனபின், சீருடை இயக்கம் பதிவேட்டில் நிரப்பும் ஒரு கட்டமாகி வருகிறது. முகாம் என்ற பெயரில் வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு மதியம் முடிகிறது. பதாகை, குழுப்படம், சான்றிதழ், அவ்வளவுதான். எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது சப்பாத்து. மெழுகே தேவைப்படாத, கடையிலேயே மின்னிக்கொண்டு வரும் செயற்கைத் தோல் சப்பாத்தை அணிந்து பிள்ளைகள் அணிவகுக்கிறார்கள். ஈரத் துணியால் ஒரு துடைப்பு, வேலை முடிந்தது. மின்னுகிறது, உண்மை. அதில் அந்தப் பிள்ளையின் மாலைப்பொழுது எங்கே? பள்ளிகளில் வெள்ளைச் சப்பாத்துக்குப் பதில் கறுப்பு வந்தபோது, துவைப்பது சுலபம் என்று பெற்றோர் மகிழ்ந்தார்கள். அவர்கள் சிரமம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஞாயிறு மாலை வாசற்படியில் உட்கார்ந்து, சப்பாத்துக்குச் சுண்ணம் பூசிக் காயவைத்த ஒரு தலைமுறையின் கை அன்றே சும்மாயிற்று. சப்பாத்தைத் தேய்க்காத கை தட்டைக் கழுவாது. தட்டைக் கழுவாத கை பாடப் புத்தகத்துக்கு அட்டை போடாது. பிறகு கோயில் திருவிழாவில் பந்தல் கட்டவும், இழவு வீட்டில் நாற்காலி அடுக்கவும் ஆள் இல்லையே என்று நாம் கூட்டம் போட்டுப் பேசுகிறோம். புந்தோங்கில் பொதுக்காரியத்துக்கு இளைஞர் வருவதில்லை என்று யார் குறைப்பட்டாலும் என் மனம் அந்த மெழுகு டப்பாவுக்குத்தான் போகிறது. மிகையாகச் சொல்கிறேன் என்று பெரியவர்கள் கருதினால் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஆசானிடம் பயின்ற ஒருவருக்கு இது மிகையாகத் தெரியாது.

செயற்குழுவின் பார்வைக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். அடுத்த முகாமுக்கான மதிப்பெண்ணில் பாதியை இறுதிநாள் அணிவகுப்புக்குக் கொடுக்காமல் நிறுத்தி வையுங்கள். முகாம் முடிந்து ஆறாவது வாரத்தில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், பிள்ளைகளைச் சங்கக் கட்டடத்துக்கு அழைத்துச் சப்பாத்தைப் பாருங்கள். வீட்டில் இன்னும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தாயிடமோ பாட்டியிடமோ ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். நடுவர் குழுவில் எல்லா வழிகளுக்கும் இடம் இருக்கட்டும். இடக்கையை நீட்டும் சாரணருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மெழுகுக்கும் துணிக்கும் ஆகும் செலவைத் தாங்கள் ஏற்பதாக எங்கள் வழியின் பழைய மாணவர்கள் சிலர் முன்வந்திருக்கிறார்கள்.