சேவையா, பணியா?

'சோசியல் வொர்க்' என்னும் பட்டப்படிப்பைச் 'சமூக சேவை' என நம்மவர் பெயர்த்தெழுதுவது பிழை. மலாய் மொழியில் அது 'கெர்ஜா சோசியல்'. கெர்ஜா என்பது வேலை. நாமும் 'சமூகப்பணி' எனலே தக்கது. சென்னையில் 1952இலும், பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1975இலும் தொடங்கிய இக்கல்வி, மேற்பார்வையுடன் கூடிய களப்பயிற்சியின்றி நிறைவுறாது.

சேவைக்கோ மனமிருந்தாற் போதும். கெடாத் தோட்டங்களில் அச்சொல்லுக்கு அரிசி மூட்டை, பொன்னாடை, நிழற்படம் என்பதே பொருள். (படமின்றி வந்த மூட்டையை யான் கண்டதில்லை!) பள்ளிக்கு வாராத சிறுவனின் வீட்டிற்குச் சென்று, காரணம் குடியா, கடனா, பிறப்புப் பத்திரம் இல்லாமையா என ஆய்ந்து, உரிய அலுவலகம்வரை உடன்செல்வது பணி.

"சேவைக்குச் சம்பளமேது?" என்று மகளைத் தடுத்தார் எம் தோட்டத்துத் தந்தையொருவர். அவருக்கு அப்படிப்பைச் 'சமூக சேவை' எனச் சொன்னவன் யானே.