அணங்கும் மானிடரும்: தென்கடற்கரைக் காதல் கதை மரபுகள்

தெய்வமும் நாகரும் மானிடரோடு காதல் கொள்ளும் கதைகள் தமிழில் அகப்பாட்டு, காப்பியம், கதைப்பாடல், நாடகம் என நான்கு மரபுகளாக வளர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி அளவுகோல் உண்டு.

அகப்பாட்டில் தெய்வப்பெண் ஓர் ஐயமாக மட்டுமே வருகிறாள். எதிர்ப்பட்டவள் அணங்கோ, மானிடப் பெண்ணோ என்று தலைவன் மயங்குவான். ஐயம் தீர்க்கும் அடையாளங்களைத் தொல்காப்பியக் களவியல் வகுக்கிறது: சூடிய பூவில் வண்டு மொய்க்கும், கண் இமைக்கும், அச்சமும் தடுமாற்றமும் தோன்றும். திருக்குறளின் காமத்துப்பாலும் இந்த ஐயத்தோடுதான் தொடங்குகிறது. மயக்கம் எவ்வளவு அழகாகத் தெளிகிறது என்பதே இங்கு அளவுகோல்.

காப்பியத்தில் ஐயம் மெய்யாகிறது. மணிமேகலையில் சோழ அரசன் நெடுமுடிக்கிள்ளி, புகார்க் கடற்கரைச் சோலையில் நாகநாட்டு இளவரசி பீலிவளையைக் காண்கிறான். ஒரு திங்கள் உடனிருந்தவள் சொல்லாமல் மறைகிறாள். பின்பு கம்பளச்செட்டியிடம் அவள் ஒப்படைத்த மகன், மரக்கலம் உடைந்து காணாமற்போகிறான். மகனைத் தேடி அலைந்த அரசன் இந்திரவிழாவை மறக்க, புகாரைக் கடல் கொள்கிறது. காதலுக்கு ஊர் தரும் விலையைக் காட்டுவது காப்பிய நெறி.

கதைப்பாடல் மானிடனை வெல்ல வைக்கும். புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் பவளக்கொடி மாலையில், பவளத்தேர் கேட்டு அடம்பிடிக்கும் மகனுக்காகப் புறப்பட்ட அர்ச்சுனன் கடல் நடுவே பவளக்கொடியைக் கண்டு மணக்கிறான். இந்திரகுமாரி, நாககுமாரி முதலியோரை மணக்கும் ஜெகதலப்பிரதாபன் கதை 1944இல் பி.யு. சின்னப்பா நடிக்கப் படமாயிற்று. நாயகனின் சாமர்த்தியமே இவற்றின் சுவை.

நாடக மரபுக்கு முத்துக்குளித்துறை வட்டாரமே ஆசானைத் தந்தது. தூத்துக்குடிச் சீமையின் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) பவளக்கொடியையும் வள்ளி திருமணத்தையும் மேடைக்கு எழுதினார். வள்ளி திருமணத்தில் இறங்கி வருவது தெய்வம். பரண்மேல் ஆலோலம் பாடிக் கிளி விரட்டும் குறவர் மகளிடம் முருகன் வேடனாகவும் கிழவனாகவும் வந்து கெஞ்சுகிறான். ஊர்த் திருவிழாக்களில் வள்ளியின் தர்க்கம் நள்ளிரவு தாண்டியும் நீளும். எதிராளியின் கேள்விக்கு அந்த இடத்திலேயே பாட்டாலும் வசனத்தாலும் மடக்கிப் பதில் சொல்பவரையே ரசிகர்கள் தேர்ந்த 'வள்ளி' என்பார்கள். திருச்செந்தூர்க் கடலோரத்தில் வள்ளி குகை இன்றும் வழிபாட்டில் உள்ளது.