வயல் நெருப்பும் சட்டத்தின் நீதியும்

ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் டில்லி மாநகரைப் புகை சூழ்கிறது. உடனே பத்திரிகைகள் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுகின்றன. பஞ்சாபிலும் அரியானாவிலும் நெல்லறுத்த வயலுக்குத் தீ வைக்கும் கமக்காரனே அவன். மோட்டார் வாகனங்களும் ஆலைகளும் ஆண்டு முழுவதும் கக்கும் புகை அப்போது மறக்கப்படுகிறது. இத்தீர்ப்பு எவ்வளவு தூரம் நியாயமானது?

வயலெரிப்பை நாம் ஆதரிக்கவில்லை. அப்புகையை முதலில் சுவாசிப்பவர்கள் வயலோரத்துக் கூலித் தொழிலாளியும் அவனது குழந்தைகளுமே. மண்ணின் வளமும் தீயோடு போகிறது. நெருப்பு அணையவேண்டும் என்பதில் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை. அணைக்கும் செலவை எவர் ஏற்பது என்பதே கேள்வி.

பஞ்சாபை நெல் நிலமாக்கியவை 1960களின் பசுமைப் புரட்சியும் அரசின் நெற்கொள்வனவுமாகும். குழாய்க் கிணறுகள் நிலத்தடி நீரை உறிஞ்சின. நீர்மட்டம் தாழவே, ஜூன் 10க்கு முன் நாற்று நடுவதை மாநில அரசு 2009இல் சட்டத்தால் தடுத்தது. நீரைக் காக்க அது தேவைப்பட்டது. ஆயின் நடுகை பிந்தியதால் அறுவடையும் பிந்தியது. கோதுமை விதைப்புக்கு முன்னுள்ள அவகாசம் இரண்டு மூன்று வாரங்களாகச் சுருங்கியது. முன்பே இருந்த எரிப்புப் பழக்கம், குளிர்ந்த காற்று அசைவற்று நிற்கும் நாட்களுக்குத் தள்ளப்பட்டது. அறுவடை இயந்திரமோ கதிரைக் கொய்து, தாளை வயலிலேயே விட்டுச் செல்கிறது. தீக்குச்சியே மலிவான வழியாயிற்று.

தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் எரிப்புக்குத் தண்டம் விதித்தது. 2021ஆம் ஆண்டுச் சட்டம், கமக்காரரின் போராட்டத்தை அடுத்து, அவர்களைச் சிறைத் தண்டனையிலிருந்து விலக்கியது, தண்டத்தை விலக்கவில்லை. 2024 நவம்பரில் தண்டம் இரட்டிக்கப்பட்டது. இரண்டு ஏக்கருக்குக் குறைந்தோர் 5,000 ரூபாவும், ஐந்து ஏக்கருக்கு மேற்பட்டோர் 30,000 ரூபாவும் செலுத்த வேண்டும். மேலோட்டமாக நோக்கின் இது நீதியான அளவுகோலே. கணக்கிட்டுப் பார்ப்போம். ஓர் ஏக்கர் உடையவனுக்கு ஏக்கருக்கு 5,000 ரூபா. ஐம்பது ஏக்கர் பயிரிடுபவனுக்கு ஏக்கருக்கு 600 ரூபா மட்டுமே!

தாளை அகற்றாமலே கோதுமை விதைக்கும் இயந்திரங்களுக்கு 2018 முதல் அரசு மானியம் வழங்குகிறது. தனிநபருக்குப் பாதி விலை. குழுக்களுக்கு 80 சதவீதம். மீதிப் பணமும், அதனை இழுக்க வலுவான உழவு இயந்திரமும் உடையவன் எவன்? சிறு கமக்காரன் அல்லன்.

எரிக்காத சிறு கமக்காரருக்குக் குவிண்டாலுக்கு 100 ரூபா வழங்குமாறு இந்திய உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் பணித்தது. பொது நன்மைக்கான செலவு பொதுப் பணத்திலிருந்து வரவேண்டும் என்ற கொள்கை அதில் அடங்கியிருக்கிறது. அதுவே சரியான பாதை.

தூய காற்று எல்லோருக்கும் உரியது. அதன் விலையை ஏழைக் கமக்காரனின் தோளில் ஏற்றிவிட்டு, நெல்லை நடச் செய்த அரசு விலகி நிற்க முடியாது. சுற்றாடல் பற்றி வகுப்பறையில் பேசும் ஆசிரியர், புகையைக் காட்டுவதோடு நின்றுவிடாமல், அப்புகையின் பின்னுள்ள பொருளாதாரத்தையும் மாணவருக்குக் காட்ட வேண்டும்.