எமது செவிகளின் வயது

வெள்ளவத்தைச் சந்தைக்கு அருகே ஒரு தேநீர்க் கடை. அண்மையில் ஒரு மாலை அங்கே அரை மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. வானொலியில் ஏழெட்டுத் தமிழ்ப் பாடல்கள் போயின. ஒன்றுகூட எனக்குத் தெரிந்ததாயில்லை. தேநீர் ஆற்றிய பையனோ எல்லாவற்றையும் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். "இப்போது பாட்டா போடுகிறார்கள்?" என்று பக்கத்து மேசைப் பெரியவர் அலுத்துக்கொண்டார். நானும் தலையாட்டினேன். இரத்மலானைக்கு பஸ்ஸில் திரும்பும்போதுதான் அந்தத் தலையாட்டல் உறுத்தத் தொடங்கியது.

எங்கள் தலைமுறைக்குப் பாடல் வரிசை என்றால் 'பினாக்கா கீத்மாலா'தான். 1952இல் இலங்கை வானொலியில் ஆரம்பமான அந்த ஹிந்தி நிகழ்ச்சியை அமீன் சயானி நடத்தினார். 2024இல் அவர் காலமானபோது எமது இளமையின் ஒரு பகுதியும் போனதாகவே உணர்ந்தேன். பம்பாயில் பதிவான ஒலிநாடாக்கள் விமானத்தில் கொழும்புக்கு வந்து இங்கிருந்து ஒலிபரப்பாகின. கட்டுநாயக்க அப்பொறுப்பை ஏற்கும்வரை, கொழும்பின் சர்வதேச விமான நிலையமாயிருந்ததும் எங்கள் இரத்மலானைதான். புதன்கிழமை இரவுகளில் ஹிந்தி தெரியாத வாப்பாவும் வானொலிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

அதைப் பொற்காலம் என்கிறோம். ஆனால் அந்த வரிசையைத் தீர்மானித்தவை எவை? இசைத்தட்டு விற்பனையும் நேயர் மன்றங்களின் விருப்பமும்தான். அதற்குப் பணம் கொடுத்தது ஒரு பற்பசை விளம்பரம். இன்றைய பாடலை 'வியாபாரம்' என்று ஒதுக்கும் நாம், எமது வியாபாரத்தை மட்டும் கலை என்கிறோம்.

இன்னொன்றும் நினைவுகூரத்தக்கது. இந்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் 1952இல் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களைக் கட்டுப்படுத்தினார். அவை ரசனையைக் கெடுக்கின்றன என்பது அவரது அபிப்பிராயம். நேயர்கள் முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள். இன்று நாம் போற்றும் அப்பாடல்கள், அன்றைய பெரியவர் ஒருவரின் செவிக்கு இரைச்சலாகவே இருந்தன.

என் சொந்தத் தவறையும் இவ்விடத்தில் சொல்ல வேண்டும். 2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வெளியாயிற்று. சந்தோஷ் நாராயணனின் இசையில் தீயும் அறிவும் பாடியது. மகள் அதைப் போட்டபோது, பெயரைக் கேட்டதுமே முகம் சுளித்தேன். ஒரு நிமிடத்தில் நிறுத்தச் சொன்னேன்.

"வாப்பா, நீங்க பாட்டக் கேக்கல்ல. சத்தத்தத்தான் கேட்டீங்க" என்றாள்.

பின்னர்தான் அறிந்தேன். அப்பாடல் அறிவின் பாட்டியுடைய கதையிலிருந்து பிறந்தது. அவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, இந்தியாவுக்குத் திரும்ப நேர்ந்தவர். 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவானது. அந்த மக்களின் துயர் பற்றிய கதைகளைப் படித்து, மலையக இலக்கியம் பற்றி மேடைகளில் பேசியும் வந்தவன் நான். அதே துயர் புதிய தாளத்தில் என் வீட்டுக்கு வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

ஆகவே புதியவை யாவும் சிறந்தவை என்று வாதிட வரவில்லை. சொல் தேய்ந்த பாடல்கள் இன்றும் உண்டு, அன்றும் இருந்தன. இழப்பு ஒன்றும் உண்மைதான்: முழுத் தெருவும் ஒரே நேரத்தில் ஒரே பாடலுக்காக ஒரு வாரம் காத்திருந்த அனுபவம் இனி இல்லை. ஆனால் அது எமது சேர்ந்து கேட்டலின் இழப்பு, பாடலின் குறையல்ல. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது விமர்சனமாகாது. 'எனக்குப் பழக்கமில்லை' என்பதை 'தரமில்லை' என்று எழுதிவிடுவது எளிது.

இளையவர்களின் கவிதைகள் நம் கைக்கு வரும்போதும் இதே செவியுடன்தான் உட்காருகிறோம். முதல் வரியிலேயே முகம் சுளித்துத் திருப்பியனுப்பியவற்றுள் யாருடைய பாட்டியின் கதை இருந்ததோ!

அப்பாடலை மறுபடி போடும்படி மகளிடம் கேட்டேன். மூன்றாம் முறையிலும் தாளம் எனக்குப் பிடிபடவில்லை. ஆயினும் இம்முறை கடைசிவரை கேட்டேன்.