மொரிஸ் மைனருக்குப் புதுக் கொயில்: வெள்ளை வயர் எந்தப் பக்கம்?

பெட்டியில் லூக்காஸ் டிஎல்பி 101 என்று அச்சிட்டிருக்கிறது. திறந்தால் ஓர் உலோக டப்பா, தலையில் கறுப்பு மூடி. மூடியின் நடுவில் தடித்த வயர் செருகும் குழி, இரு பக்கமும் தகட்டு முனைகள். ஒன்றில் +, மற்றதில் −. என்னைக் கேட்டால் கொயில் நல்ல கொயில். ஆனால் அந்த இரண்டு குறிகளையும் நம்பி வயர் கொழுவினால் நம் ஊர்ப் பழைய கார்களில் பாதி தப்பாகத்தான் முடியும்.

மாட்டிப் பார்த்தது இறக்காமத்தில் நிற்கும் ஒரு மொரிஸ் மைனர் 1000இல். 1098 சிசி எஞ்சின், டைனமோ, பொயின்ட் எல்லாம் பழையபடியே இருக்கின்றன. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த இந்த வண்டி 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. இலங்கை அதை இன்னும் கைவிடவில்லை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். அந்த இடைக்காலத்தில் கொட்டிலில் கிடந்த பழசுகளையும் பலர் தூசு தட்டினார்கள்.

பழைய கொயிலோடு இந்த வண்டி காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். அம்பாறைக்குப் போய்த் திரும்புவதற்குள் சூடேறி எஞ்சின் இடறும். ஆறப்போட்டால் மறுபடி ஓடும். கொயில் சாகும்போது காட்டும் குணம் இது. கண்டென்சரும் இதே குணத்தைக் காட்டும் என்பதால் முதலில் அதை மாற்றிப் பாருங்கள், செலவு குறைவு. இங்கே அதை மாற்றியும் பலனில்லை.

பழைய லூக்காஸ் கொயிலில் பிளஸ், மைனஸ் கிடையாது. எஸ்டபிள்யூ, சிபி என்றிருக்கும். முதலாவது சுவிட்சுக்கு, இரண்டாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பொயின்டுக்கு. சுவிட்சிலிருந்து வரும் வெள்ளை வயர் எஸ்டபிள்யூவில், பொயின்டுக்குப் போகும் வெள்ளை-கறுப்பு வயர் சிபியில். யாரும் பிழைவிட முடியாது. புதுசில்தான் சிக்கல். கராஜ் பாஸ் யோசிக்காமலே வெள்ளை வயரைப் பிளஸ்ஸுக்குக் கொண்டுபோனார்.

"சுவிட்ச் கரண்ட் பிளஸ்ஸுக்குத்தானே நானா, வேற எங்க?"

ஜப்பான் வண்டியென்றால் அவர் சொன்னது சரி. மைனரோ கடைசிவரை பிளஸ் எர்த்தாகவே வந்த வண்டி. பற்றரியின் பிளஸ் முனைதான் பொடிக்குப் போகிறது, ஆகவே சுவிட்ச் வழியாக வருவது மைனஸ். வெள்ளை வயர் கொயிலின் −க்கும், வெள்ளை-கறுப்பு +க்கும் போகவேண்டும். பற்றரியைக் காட்டியதும் பாஸ் சிரித்துக்கொண்டே வயரைக் கழற்றினார்.

மாற்றிக் கொழுவினாலும் கார் ஓடும், வில்லங்கமே அதுதான். கொயிலுக்குள் இரண்டு சுற்றுகளும் ஒரு முனையில் சேர்ந்திருப்பதால், சின்ன வயர்கள் இடம் மாறினால் பிளக்குக்குப் பாயும் ஸ்பார்க்கின் திசையும் மாறும். பிளக்கின் நடு ஊசிதான் அதிகம் சூடாவது. சூடான உலோகத்திலிருந்து எலக்ட்ரோன் லேசாகக் கிளம்பும், ஆகவே அந்த ஊசி மைனஸாக இருப்பதே வசதி. திசை மாறினால் அதே ஸ்பார்க்குக்குக் கூடுதல் வோல்ற் தேவைப்படும். சமதரையில் வட்டை ஓரமாக ஓடும்போது ஒன்றும் தெரியாது. மாரிக்காலத்து ஈரக் காலையிலும், பதுளைப் பக்கம் ஏத்தத்திலும் தெரியும். அப்போது பழி காபரேட்டர் மேல் விழும்.

சரிபார்க்கப் பழைய பென்சில் வித்தை போதும். மஃரிபுக்குப் பிறகு, வெளிச்சம் குறைந்த நேரத்தில் செய்யுங்கள். ஒரு பிளக் வயரைக் கழற்றி, உறையிட்ட குறட்டால் பிளக்கின் தலைக்குச் சற்று மேலே பிடித்து, இடைவெளியில் பென்சில் கூரை நீட்டி எஞ்சினை ஓடவிட வேண்டும். ஸ்பார்க் பென்சிலுக்கும் பிளக்குக்கும் இடையில் செம்மஞ்சளாய் விரிந்தால் சரி. வயர் பக்கம் விரிந்தால் கொயிலில் இரண்டு வயரையும் மாற்றுங்கள். வெறும் கையால் மட்டும் முயல வேண்டாம்.

அடுத்தது ஓம். டிஎல்பி 101இன் இரண்டு சின்ன முனைகளுக்கும் இடையில் மீற்றர் ஏறத்தாழ 3 ஓம் காட்ட வேண்டும். 12 வோல்ற்றில் 4 அம்பியர், பொயின்ட் தாங்கும். கடையில் மலிவாகக் கிடைக்கும் சில கொயில்கள் 1.5 ஓம். அவை ரெசிஸ்டரோடு சேர்ந்து வேலை செய்யப் பிறந்தவை. தனியே மாட்டினால் 8 அம்பியர் ஓடிப் பொயின்ட் கருகும், கொயிலும் வேகும். கடைக்கு மீற்றரைக் கொண்டு போங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

தங்க நிற டிஎல்பி 105, 'ஸ்போர்ட்ஸ் கொயில்', பற்றியும் கேட்கிறார்கள். பிளக் இடைவெளி 0.025 அங்குலம் உள்ள சாதா எஞ்சினுக்கு அது வீண் செலவு. தேவையான வோல்ற் ஏறியதும் ஸ்பார்க் பாய்ந்துவிடும், மிச்சத் திறமை டப்பாவுக்குள்ளேயே கிடக்கும்.

குறையென்றால் ஒன்று உண்டு. பழைய கொயிலில் தடித்த வயரின் நுனிக் கம்பிகளைப் பித்தளை வாசருக்கு மேல் விரித்து மூடியைத் திருகி இறுக்குவார்கள். புதுசில் குத்திச் செருகுவது. பழைய வயரை அப்படியே திணித்தால் பிடிக்காது, உள்ளே ஸ்பார்க் பாய்ந்து குழி கரியாகும். பெட்டியில் அதற்கு ஒரு நுனியாவது வைத்திருக்கலாம்.

மாட்டி முடித்து, பொயின்டை 0.015 அங்குலத்துக்கு வைத்துச் சாவியைத் திருப்பியதும் எஸ்யூ பெற்றோல் பம்ப் டிக் டிக்கென்று அடித்து நின்றது. அந்தச் சத்தம் வந்தால் வெள்ளை வயரில் கரண்ட் இருக்கிறது என்று அர்த்தம், ஸ்பார்க் வராவிட்டால் சுவிட்சைச் சந்தேகிக்கத் தேவையில்லை. அம்பாறை போய்த் திரும்பியும் எஞ்சின் இடறவில்லை. ஆனால் எஞ்சினை ஓடவிடாமல் சாவியைத் திருப்பியபடி வைக்காதீர்கள். பொயின்ட் மூடி நின்றால் 48 வோட் சூடு இந்தச் சின்ன டப்பாவுக்குள் ஏறிக்கொண்டே இருக்கும்.

ரேடியோவுக்காகவும் ஓல்டர்னேட்டருக்காகவும் மைனஸ் எர்த்துக்கு மாற்றிய மைனர்களும் ஓடுகின்றன. அவற்றில் மேலே சொன்னது தலைகீழ்: வெள்ளை வயர் +க்குத்தான். கை மாறி வந்த கார் என்றால் பொனெட்டைத் திறந்து, பொடிக்குப் போகும் தடித்த வயர் பற்றரியின் எந்த முனையிலிருந்து போகிறது என்று பார்த்துவிட்டுக் கொயிலைத் தொடுங்கள்.