ஜரிகையும் முகமும்: பழைய மீடியம் ஃபார்மட் கேமராவைத் தேர்ந்தெடுப்பது

முழுச்சட்டகம் எனப்படும் 35 மி.மீ. வகைக் கேமராவின் சென்சார் 36×24 மி.மீ. அளவுள்ளது. அதைவிடப் பெரிய சென்சார் கொண்டவை மீடியம் ஃபார்மட் டிஜிட்டல் கேமராக்கள். இவற்றில் இரண்டு அளவுகள் பரவலானவை. 44×33 மி.மீ. சென்சாரின் பரப்பு முழுச்சட்டகத்தைப் போல ஏறக்குறைய 1.7 மடங்கு, 54×40 மி.மீ. சென்சாரின் பரப்பு 2.5 மடங்கு. புதிதாக வாங்கினால் ஒரு சிறிய ஸ்டுடியோவின் முதலீடு முழுவதையும் விழுங்கிவிடும் இந்தக் கருவிகள், கைமாறி வரும்போது எட்டும் விலைக்கு இறங்குகின்றன. அப்போது எதை எடுப்பது என்பதை மெகாபிக்சலை வைத்து முடிவு செய்ய முடியாது. கேமராவின் முன்னால் நிற்கப்போவது எது என்பதிலிருந்துதான் தேர்வு தொடங்க வேண்டும்.

தில்லி கரோல் பாகில் அது கடைக் கண்ணாடிக்குப் பின்னாலேயே நிற்கிறது. அஜ்மல் கான் சாலையிலும் அதைச் சுற்றிய தெருக்களிலும் மணப்பெண் லெஹங்காக் கடைகள். பாங்க் தெருவில் நகைக் கடைகள். அடர்சிவப்பு வெல்வெட், அதன் மேல் ஜர்தோசி, சீக்வின், கற்கள். இதே வட்டாரத்தில் நெடுங்காலமாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் கல்யாணங்களில் காஞ்சிபுரம் பட்டும் சேர்ந்துகொள்ளும். உருவப்படத்துக்கும் ஃபேஷன் படத்துக்கும் இதைவிடக் கடினமான பரீட்சை கிடையாது. ஜரிகை ஒளியைத் திருப்பி அடிக்கிறது. வெல்வெட் ஒளியைக் குடித்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே மென்மையாக ஏறி இறங்கும் ஒரு முகம் இருக்கிறது. மூன்றும் ஒரே படத்தில் தங்க வேண்டும்.

பெரிய சென்சாரின் சிறப்பு இங்கேதான் தெரிகிறது. நல்ல வெளிச்சத்தில், குறைந்த ஐஎஸ்ஓ-வில், அது மொத்தத்தில் அதிக ஒளியைச் சேர்க்கிறது. ஆகவே ஜரிகையின் மினுக்கத்தைக் காப்பாற்ற ஒளியைக் குறைத்து எடுத்தாலும், வெல்வெட்டின் மடிப்பைப் பின்னால் மேலே தூக்கும்போது இரைச்சல் புள்ளிகள் குறைவாகவே எழும்பும். கன்னத்தில் வெளிச்சம் நிழலாக மாறும் இடம் படிக்கட்டாக உடையாமல் வழிந்து இறங்கும். மயில்கழுத்து நிறப் பட்டை எடுத்துக்கொண்டால் இது இன்னும் விளங்கும். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். மடிப்பு திரும்பும் இடத்தில் நீலம் பச்சையாகிறது. அந்தத் திருப்பத்தைத் திட்டுத் திட்டாகக் காட்டாமல் ஒரே ஓட்டமாகக் காட்டுவதுதான் இந்தக் கேமராவிடம் எதிர்பார்க்க வேண்டிய குணம். 4:3 விகிதச் சட்டகமும் உருவப்படத்துக்கு இசைவானது. நிறுத்திப் பிடித்தால் இடுப்பு வரையிலான உருவம், தலைக்கு மேல் வீணான வெளி இல்லாமல், பத்திரிகைப் பக்கத்தில் அப்படியே பொருந்தும்.

பின்னணியை மங்கவைப்பதில் மட்டும் இதற்குத் தனி மகிமை இல்லை. 44×33 சென்சாரில் 110 மி.மீ. எஃப்/2 லென்ஸ், முழுச்சட்டகத்தில் ஏறக்குறைய 87 மி.மீ. எஃப்/1.6 லென்ஸ் தரும் மங்கலைத்தான் தரும். 85 மி.மீ. எஃப்/1.4 லென்ஸ் அதைவிடக் கூடுதலாகவே மங்கவைக்கும். மங்கல் ஒன்றுக்காகவே வாங்குகிறவருக்கு இந்தச் செலவு தேவையில்லை.

தில்லிக்கும் இந்தச் சட்டகத்துக்கும் பழைய உறவு உண்டு. 1942-இல் தில்லிக்கு வந்த புகைப்படக் கலைஞர் ஹோமாய் வியாரவாலாவின் கையில் இருந்த ரோலைஃப்ளெக்ஸ் ஒரு மீடியம் ஃபார்மட் ஃபிலிம் கேமராதான். இந்நகரைச் சேர்ந்த தயாநிதா சிங், ஹாஸல்பிளாட் கேமராவின் சதுரச் சட்டகத்தில் இந்தியக் குடும்பங்களை அவர்கள் வீடுகளிலேயே உருவப்படமாக்கினார்; 2022-இல் அவருக்கு ஹாஸல்பிளாட் விருது கிடைத்தது. 1990-களின் தொடக்கத்தில் லீஃப் நிறுவனம் ஃபிலிம் பெட்டிக்குப் பதிலாகக் கேமராவின் முதுகில் பொருத்தும் டிஜிட்டல் பேக்கைக் கொண்டுவந்தபோது இந்த மரபு டிஜிட்டலுக்குள் நுழைந்தது. இன்று பழைய சந்தையில் கிடைப்பவற்றை மூன்று தலைமுறைகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது சிசிடி தலைமுறை: ஃபேஸ் ஒன் பி45, பி65+, ஐக்யூ180 பேக்குகள், ஹாஸல்பிளாட் எச்3டி, எச்4டி, பென்டாக்ஸ் 645டி. ஐஎஸ்ஓ 50 முதல் 200 வரை, ஸ்ட்ரோப் வெளிச்சத்தில், இவை தரும் தோல் நிறத்துக்கு இன்றும் காதலர்கள் உண்டு. அந்த நிறத்துக்குச் சிசிடி மட்டுமே காரணமில்லை. சென்சார் மேலுள்ள வண்ண வடிகட்டியும், மென்பொருளின் வண்ணக் கணக்கும் பெரும் பங்கு வகிக்கின்றன. ஐஎஸ்ஓ 400-ஐத் தாண்டினால் இவற்றின் நிழல்கள் கலங்கத் தொடங்கும். கல்யாண மண்டபத்தின் விளக்கொளிக்கு இவை ஆகாது, ஸ்டுடியோவுக்கு ஆகும்.

இரண்டாவது 50 மெகாபிக்சல் சீமாஸ் தலைமுறை. 2014-இல் ஃபேஸ் ஒன் ஐக்யூ250, பென்டாக்ஸ் 645இசட் ஆகியவற்றோடு தொடங்கியது. 2016-இல் ஹாஸல்பிளாட் எக்ஸ்1டி 8,995 டாலருக்கும், 2017-இல் ஃபூஜிஃபிலிம் ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் 6,499 டாலருக்கும் வந்தபோது கண்ணாடி இல்லாத (மிரர்லெஸ்) சிறிய உடல் பிறந்தது. 2021-இல் ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் II, கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதியோடு 3,999 டாலருக்கு வந்ததும், அதே 50 மெகாபிக்சல் வகுப்பின் பழைய உடல்கள் விலை இறங்கின. தேடுகிறவருக்கு இன்று அதிகம் அகப்படும் இடம் இதுதான்.

மூன்றாவது 100 மெகாபிக்சல் தலைமுறை: 2019-இன் ஜிஎஃப்எக்ஸ் 100, 2021-இன் 100எஸ், 54×40 சென்சார் கொண்ட ஹாஸல்பிளாட் எச்6டி-100சி முதலியவை. ஜிஎஃப்எக்ஸ் 100 வரிசையில் சென்சாரிலேயே ஃபேஸ் (phase) டிடெக்‌ஷன் ஃபோகஸ் இருப்பதால், நடந்து வரும் மாடலின் கண்ணை விடாமல் பிடிக்கும். 50எஸ்ஸின் ஃபோகஸ் நிற்கும் முகத்துக்கு நம்பகமானது. சுழலும் லெஹங்காவுக்கு மெதுவானது.

தலைமுறைக்கு அடுத்து ஷட்டர். ஃபூஜியிலும் பென்டாக்ஸிலும் ஷட்டர் சென்சாருக்கு முன்னால் இருக்கிறது. ஃப்ளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச வேகம் 1/125 நொடி. ஹாஸல்பிளாட் லென்ஸ்களில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இதழ் இதழாக விரிந்து மூடுகிறது. இந்த லீஃப் ஷட்டரில் எந்த வேகத்திலும் ஃப்ளாஷ் ஒத்துப்போகும்: எச் வரிசையின் பழைய லென்ஸ்களில் 1/800 வரை, எக்ஸ்1டி-யில் 1/2000 வரை. ஃபேஸ் ஒன் உடல்களுக்கான ஷ்னைடர் லீஃப் ஷட்டர் லென்ஸ்களில், பொருத்தமான பேக்கோடு, 1/1600 வரை.

இதன் மதிப்பு கரோல் பாக் மொட்டைமாடி ஒன்றில் நடுப்பகலில் விளங்கும். தெளிந்த வெயிலில் ஐஎஸ்ஓ 100-க்குச் சரியான அளவு எஃப்/16, 1/100 நொடி. பின்னால் உள்ள தண்ணீர்த் தொட்டிகளும் மின்கம்பிகளும் கரைந்துபோக எஃப்/4 வேண்டுமென்றால், வேகம் 1/1600 ஆக வேண்டும். எக்ஸ்1டி-யில் அந்த வேகத்திலேயே ஃப்ளாஷ் அடித்து மணப்பெண்ணின் முகத்தை எழுப்பலாம். 1/125-இல் நிற்கும் கேமராவில் ஒளியைப் பதினாறில் ஒரு பங்காக்கும் என்டி ஃபில்டர் போட வேண்டும். அந்த ஃபில்டர் வெயிலோடு ஃப்ளாஷையும் பதினாறில் ஒன்றாக்கிவிடும். ஒருவர் தோளில் தூக்கிவரும் பேட்டரி ஃப்ளாஷ் போதுமா, கனமான ஸ்ட்ரோப்பும் அதைப் பிடிக்க ஓர் ஆளும் வேண்டுமா என்பதை இந்த ஒரு வித்தியாசம் தீர்மானிக்கிறது. மிக வேகமான ஷட்டரில் பெரிய ஸ்ட்ரோப்பின் முழு வீச்சு சற்று வெட்டுப்படலாம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வேலை முழுக்க ஸ்டுடியோவுக்குள் என்றால் 1/125 ஒரு குறையே ஆகாது.

மூன்றாவது, துணி தரும் தொல்லை. நுண்ணிய நெசவும் சென்சாரின் புள்ளி வரிசையும் மோதும்போது துணியில் இல்லாத வண்ண அலைகள் படத்தில் தோன்றும்; அதற்கு மொய்ரே என்று பெயர். இந்த வகைக் கேமராக்கள் கூர்மைக்காக அதைத் தடுக்கும் வடிகட்டியை விட்டுவிடுகின்றன. 50 மெகாபிக்சல் சென்சாரில் புள்ளிகளின் இடைவெளி சுமார் 5.3 மைக்ரான், 100-இல் சுமார் 3.8. ஆகவே பட்டு, ஆர்கன்சா, வலைத்துணி அதிகம் எடுப்பவருக்கு 100 மெகாபிக்சலின் உண்மையான பயன் பெரிய பிரின்ட் என்பதைவிட மொய்ரே குறைவதுதான். 50-ஐ வைத்துக்கொண்டே ஓர் அடி முன்பின் நகர்ந்தும், கோணத்தை மாற்றியும், அப்பெர்ச்சரை எஃப்/11-க்கு மேல் மூடியும் பெருமளவு தப்பலாம்.

சிவப்பும் ஒரு சோதனை. மணப்பெண் சிவப்பில் சென்சாரின் சிவப்புத் தடம் மற்ற இரண்டுக்கும் முன்பே நிரம்பி, வேலைப்பாடு எல்லாம் ஒரே பூச்சாகிவிடும். மூன்று நிறங்களுக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம் காட்டும் கேமராவில் இதை அங்கேயே கண்டு அரை ஸ்டாப் குறைத்துவிடலாம். துணியின் சிவப்பு தாடைக்கடியில் தெறித்துத் தோலிலும் ஏறும். அதை நிறம் பிரித்துத் திருத்த இடம் தரும் அடர்த்தி இந்தக் கோப்புகளில் உண்டு.

லென்ஸ், உடலைவிட நீண்ட ஆயுள் உள்ளது. அதை முதலில் முடிவு செய்வது நல்லது. முகத்துக்கு ஃபூஜியின் 110 மி.மீ. எஃப்/2, ஹாஸல்பிளாட் எச்சி 100 மி.மீ. எஃப்/2.2, எக்ஸ்சிடி 90 மி.மீ. எஃப்/3.2 மூன்றும் காலத்தால் நிரூபணமானவை. எச்சி லென்ஸ்களைத் தயாரித்தது ஃபூஜிஃபிலிம்தான். உரிய அடாப்டர் போட்டால் அவை எக்ஸ்1டி-யிலும் ஜிஎஃப்எக்ஸிலும் லீஃப் ஷட்டரோடு வேலை செய்யும். ஸ்டுடியோவில் எச்4டி-யோடு தொடங்கி, பின்னர் உடலை மட்டும் மாற்றிக்கொள்ள விரும்புகிறவருக்கு இது நல்ல வழி.

மென்பொருளையும் கேபிளையும் மறப்பவர்கள் பலர். ஃபேஷன் படப்பிடிப்பில் உடை வடிவமைப்பாளரும் கடைக்காரரும் படத்தைக் கணினித் திரையில் உடனே பார்ப்பார்கள். எச்3டி, எச்4டி, பழைய ஃபேஸ் ஒன் பேக்குகள் ஃபயர்வயர் கேபிளை நம்பியவை; இன்றைய மடிக்கணினிகளில் அந்தத் துளை இல்லை. அவற்றை வாங்குகிறவர் ஒரு பழைய கணினியையும் பராமரிக்க வேண்டும். ஃபேஸ் ஒன், ஃபூஜி இரண்டுக்கும் கேப்சர் ஒன் உண்டு. ஹாஸல்பிளாட்டுக்கு அதன் சொந்த ‘ஃபோகஸ்’ (Phocus) மென்பொருள் இலவசம்.

இனி சோதனை. தில்லியில் புகைப்படக் கருவிகளின் பெரிய சந்தை சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரி. அங்கே வாங்கினாலும், தனியாரிடம் வாங்கினாலும், பையில் ஒரு கைக்குட்டை அளவு ஜர்தோசித் துணியையும் ஒரு சிறிய ஃப்ளாஷையும் கொண்டுபோக வேண்டும். துணியை மேசையில் 45 பாகை சாய்வாக விரித்து, நடுவில் ஓர் இழையில் ஃபோகஸ் வைத்து, அப்பெர்ச்சரை முழுக்கத் திறந்து எடுத்தால், கூர்மை அந்த இழையில் விழுகிறதா, முன்னோ பின்னோ விழுகிறதா என்பது தெரியும். கண்ணாடியுள்ள எச், 645 வகைகளில் இது அவசியம். அதே துணியில் வெளிச்சத்தை இரண்டு ஸ்டாப் குறைத்து ஒரு படம் எடுத்து, வீட்டுக் கணினியில் நிழலைத் தூக்கிப் பார்த்தால் சென்சாரின் நிலை வெளிப்படும்.

வெள்ளைச் சுவரை எஃப்/16-இல் எடுத்தால் தூசியும் எண்ணெய்ப் புள்ளியும் தெரியும். சாம்பல் சுவரைச் சீரான வெளிச்சத்தில் எடுத்தால், பெரிய சிசிடி பேக்குகளில் இரு பாதிகளுக்கு நடுவே கோடு விழுகிறதா என்று பார்க்கலாம்; விழுந்தால் ஸ்டுடியோப் பின்னணியில் ஒவ்வொரு படத்திலும் அது நிற்கும். லென்ஸுக்குள் டார்ச் அடித்தால் பூஞ்சை நூல் நூலாகத் தெரியும். லீஃப் ஷட்டர் லென்ஸில் ஒவ்வொரு வேகத்திலும் ஃப்ளாஷோடு பத்துப் படம் எடுக்க வேண்டும். ஒன்று இருண்டு ஒன்று வெளிறி வந்தால் இதழ்கள் தளர்ந்துவிட்டன என்று பொருள். எச் வரிசையில் உடலும் லென்ஸும் எத்தனை முறை இயங்கின என்பதைக் கேமராவின் திரையிலேயே காணலாம். எச்3டி, எச்4டி-யில் உடலும் பேக்கும் ஒன்றுக்கொன்று அளந்து இணைக்கப்பட்ட ஜோடி. வேறு வேறு இடத்திலிருந்து சேர்த்த ஜோடியைத் தவிர்ப்பது நல்லது. கேபிளைப் பொருத்தி இருபது படம் தொடர்ந்து எடுத்து, துளை ஆட்டம் காண்கிறதா என்று பார்க்க வேண்டும். சீரியல் எண்ணோடு பில் கேட்டு வாங்க வேண்டும். பழுதுபார்க்கக் கொடுக்கும் நாளில் அது கைகொடுக்கும்.

இவ்வளவும் பார்த்தபின் தேர்வு எளிது. நாளெல்லாம் ஸ்டுடியோவில் நிற்கும் முகங்களை எடுப்பவருக்கு, பழைய கணினியைப் பேணும் பொறுமை இருந்தால், எச்4டி-யும் ஓர் எச்சி 100 லென்ஸும் குறைந்த செலவில் மிகுந்த நிறைவு தரும். கடையும் மாடியும் மண்டபமும் என்று அலைபவருக்கு ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் II. வெயிலில் ஃப்ளாஷோடு வேலை செய்பவருக்கு, மெதுவான இயக்கத்தைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால், எக்ஸ்1டி. நெசவையே விற்கும் கடைகளின் அட்டவணைப் படத்துக்கும், நடந்து சுழலும் மாடலுக்கும் ஜிஎஃப்எக்ஸ் 100எஸ். எதுவானாலும், கைக்குட்டை அளவுத் துணியில் ஜரிகை இழை இழையாகவும், பக்கத்தில் வைத்த கையின் தோல் தோலாகவும் தெரிந்தால், அந்தக் கேமரா கொடுத்த விலைக்குத் தகுதியானது.